முப்பத்தாறு சட்டைகள்

வினார்னி பின்னறைக் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தாள். முன்னால் எதிர்வீட்டு சூலிஸ் கையை நீட்டியபடி நின்றாள்.

"சாவியக் குடுடி. குளிப்பாட்டற எடத்துல மறைப்புக் கட்ட இன்னும் ரெண்டு மூணு துணி வேணுமாம். உங்கம்மாவோட பாத்திக் துணியெல்லாம் இந்த ரூம்லதான இருக்கும்?"

"சாவி எங்க வெச்சேன்னு தெரியலக்கா."

"சாவு வீட்ல சாவிய யாரு தூக்கிட்டுப் போவா? நகரு, பூட்ட நெம்பச் சொல்றேன்."

"வேணாம். என் பெட்டியில ரெண்டு துணி இருக்கு, புதுசு. அதையே எடுத்துக்குங்க."

"புதுசையா?" சூலிஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஏழு வருஷமாக இந்த வீட்டின் முன்னறையைத் தாண்டி யாரும் உள்ளே வந்ததில்லை. வந்தவர்களுக்கு வாசலிலேயே தேநீரைக் கொடுத்து, வாசலோடு அனுப்பிவிடுவாள் வினார்னி. புருஷனை விட்டு வந்தவளுக்கு இவ்வளவு கர்வம் ஆகாது என்று சந்து முழுக்கப் பேச்சு. இன்று சாவு வந்து எல்லோருக்கும் வீட்டைத் திறந்துவிட்டிருந்தது, இந்த ஒரு கதவைத் தவிர.

சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. உள்ளே கயிற்றில் பதினெட்டு நீலச் சட்டைகளும் பதினெட்டு சிவப்புச் சட்டைகளும் காய்ந்தும் காயாமலும் தொங்கிக்கொண்டிருந்தன.

அப்பா தர்முஜி அன்று விடியற்காலை சுபுஹுத் தொழுகையை முடித்துவிட்டு, கால்பந்து ஆட்டக்காரர்களின் சாக்ஸை ஊறவைக்கப் பின்கட்டுக்குப் போனார். குழாய் வெகுநேரம் ஓடுகிறதே என்று அவள் எட்டிப் பார்த்தபோது, தொட்டிச் சுவரில் சாய்ந்து, ஒரு கை தண்ணீருக்குள் கிடக்க, உட்கார்ந்த வாக்கிலேயே போயிருந்தார். எழுபத்தைந்து வயது. நல்ல சாவு என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவளும் தலையாட்டினாள். ஆனால் அவளுக்கு முதலில் வந்தது அழுகையில்லை, கோபம். இந்தப் பூட்டிய அறையை என் தலையில் கட்டிவிட்டு நீ பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாயே என்ற கோபம்.

முவாரவாரு சின்னத் துறைமுகம். உப்பளத்தையும் மீன் குட்டைகளையும் விட்டால் அந்த ஊர் சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருந்தது, பெர்செவாரு கால்பந்து கிளப். டச்சுக்காரன் காலத்தில், முப்பத்திரண்டாம் வருஷம், உப்பளக் கூலிகள் சேர்ந்து ஆரம்பித்தது. உடுப்பு வாங்க வக்கில்லாமல் உப்புச் சாக்கை மரப்பட்டைச் சாயத்தில் முக்கித் தைத்துப் போட்டார்கள். சிவப்பு வந்த கதை அதுதான். தர்முஜி அறுபத்தெட்டில் ஆட்டக்காரனாகச் சேரப் போனார். கால் போதாது என்று சொல்லி, கையில் சோப்பைக் கொடுத்தார்கள். அன்று தொட்ட சோப்பை அவர் விடவேயில்லை. தலைநகரத்து டீமை ஒரு கோலில் ஜெயித்த எண்பத்தேழில், கோல் போட்டவனின் சட்டையில் இருந்த ரத்தக் கறையை எலுமிச்சை தேய்த்து எடுத்த கதையை அவர் சொல்லிச் சொல்லி ஊருக்கே மனப்பாடம். முஜி தாத்தா துவைத்த சட்டைதான் பெர்செவாரு சட்டை என்பது அந்த ஊரில் ஒரு பேச்சு.

ஏழு வருஷத்துக்கு முன்னால் கிளப் இரண்டாக உடைந்தது. லைசென்ஸ் காகிதத்தை வைத்திருந்த கம்பெனி, நகராட்சித் தலைவரோடு சேர்ந்துகொண்டு, சட்டையை நீலமாக்கி ஸ்டேடியத்தையும் எடுத்துக்கொண்டது. பொறுக்காத ரசிகர்கள் பழைய சிவப்போடு வெளியேறி, சர்க்கரை ஆலை மைதானத்தில் இன்னொரு பெர்செவாருவை ஆரம்பித்தார்கள். பெயர் ஒன்று, பிறந்த வருஷம் ஒன்று, வழக்கு மட்டும் நான்கு. மாமனும் மருமகனும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நீலத்தின் வீட்டுக் கல்யாணத்துக்குச் சிவப்பு போவதில்லை. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். துணி துவைக்கிறவனுக்கு அதில் என்ன கொண்டாட்டம்?

இரண்டு பக்கமும் தர்முஜியைத் தேடி வந்தது. அவர் கை பட்டால்தானே அது பெர்செவாரு சட்டை. அவர் நீலத்துக்காரர்களிடம், "ஒங்களுக்குத்தான் துவைப்பேன். ஆனா வெளிய மூச்சு விடாதீங்க. அவனுங்க வீட்டக் கொளுத்திருவானுங்க" என்றார். சிவப்புக்காரர்களிடமும் அதையே ஓர் எழுத்து மாறாமல் சொன்னார். திங்கட்கிழமை மீன்தீவனச் சாக்கில் நீலம் வரும். வியாழக்கிழமை அரிசிச் சாக்கில் சிவப்பு வரும். ஊருக்கே தெரிந்த ரகசியம்தான், ஆனால் பாதிப் பாதியாகத் தெரிந்தது. முழுசாகத் தெரிந்தது அப்பாவுக்கும் மகளுக்கும் மட்டும்.

"எதுக்குப்பா இந்தத் திருட்டு வேல? ஒரு பக்கமா முடிவு பண்ணித் தொலையேன்" என்று அவள் கேட்காத மாதமில்லை.

"எந்தப் பக்கம்? பதினெட்டு சட்ட இருந்துச்சு, முப்பத்தாறு ஆச்சு. எனக்கு வேல கூடிருச்சு, அவ்ளோதான். ரெண்டாப் போனது அவனுங்க, நானில்ல."

அவருக்கு அது அவ்வளவுதான். பூட்டும், ஈர வாடை போகாத அறையும், வருகிறவர்களை வாசலோடு திருப்பும் வேலையும் இவளுக்கு. சந்தில் எல்லார் வீட்டுத் துணியும் வெயிலில் ஆடும். இந்த வீட்டுக் கயிறு மட்டும் உள்ளே.

தம்பி பசுகி சமையலறைக்குள் வந்தான். நகராட்சியில் ஒப்பந்தக் குமாஸ்தா, குடியிருப்பது வேறு தெருவில். இந்த வருஷம் நிரந்தரமாகிவிடும் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறவன். அவனுக்குத் தெரிந்தது நீலப் பாதி.

"அக்கா, மேனேஜர் ஹெர்மந்தோ சார் வந்துட்டாரு. நகராட்சித் தலைவரே இரங்கல் பூப்பலகை அனுப்பிருக்காரு. கிளப் கொடி போத்தித்தான் எடுக்கணும்ங்கறாங்க. அப்பாவுக்கு எவ்ளோ பெரிய மரியாத பாரு."

"பள்ளிவாசல் பச்சத்துணி போதும்டா."

"இனிமே மறைக்கறதுக்கு என்ன இருக்கு? அவரு எங்களுக்குத்தான் துவைச்சாருன்னு ஊருக்குத் தெரியட்டுமே. எனக்கும் ஆபீஸ்ல ஒரு பிடிமானமா இருக்கும்."

"கோதிரோட சிவப்பு ஆளுங்க காலைலேர்ந்து சந்துல உக்காந்திருக்காங்கடா."

"அவனுங்களுக்கு இங்க என்ன வேல? அப்பா எப்பவோ அவனுங்களக் கைகழுவிட்டாரு."

அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள்.  தேநீர்த் தட்டை அவன் கையில் கொடுத்து அனுப்பினாள்.

சற்று நேரத்தில் ஹெர்மந்தோவே சமையலறை வாசலுக்கு வந்தார். மடிப்புக் கலையாத பாத்திக் சட்டை, தாழ்ந்த குரல்.

"ரொம்ப வருத்தம்மா. கேக்கக்கூடாத நேரம்தான். நாளைக்கு மத்தியானம் ஆட்டம். அந்தச் சட்டைங்க காஞ்சிருக்குமா?"

"காஞ்சிருக்கும் சார்."

"அப்ப ஆள விட்டு எடுத்துக்கச் சொல்லவா?"

"அடக்கம் முடியட்டும்."

அவர் போய்க் கால்மணி நேரம்கூட ஆகவில்லை, கோதிர் வந்து நின்றான். மீன் குட்டையில் வேலை, ஆட்டம் என்றால் சிவப்புக்காரர்களின் பெரிய மேளம் அவன் கையில். கத்திக் கத்தித் தொண்டை நிரந்தரமாகக் கட்டிப்போனவன். அழுது கண் வீங்கியிருந்தது.

"அக்கா, செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கறேன். நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு பஸ்ஸு. சட்ட..."

"காஞ்சிருச்சு கோதிர்."

"தாத்தா கடைசியாத் துவைச்ச சட்ட. அதப் போட்டுக்கிட்டு பசங்க எறங்கறத நெனச்சாலே ஒடம்பு ஆடுதுக்கா. அந்த நீலக்காரனுங்க எவ்ளோ ஆச காட்டிருப்பானுங்க? ஒரு கர்ச்சீப்பாவது துவைச்சுக் குடுத்திருப்பாரா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது வந்த வேகத்திலேயே பயமும் வந்தது. இருதலைக் கொள்ளி எறும்புக்காவது நடுவில் ஊர்ந்து போக ஒரு சாண் கட்டை இருக்கும். இவளுக்குச் சமையலறையிலிருந்து கூடத்துக்குப் போகவே பயமாக இருந்தது. ஒருவன் ஆர்வக் கோளாறில் கதவைத் தள்ளினால் போதும். அறுபத்தெட்டிலிருந்து சேர்த்த பெயர் ஒரே நாளில் போய்விடும். துரோகி என்று ஒருவன் சொன்னால் பத்துப் பேர் சொல்வார்கள். சடலம் வைக்கும் சந்தூக்கைத் தூக்க ஆள் இருக்காது.

வெளியே போகவும் வழியில்லை. சந்துக்கு ஒரே வாய். மறுமுனையில் ஐஸ் பேக்டரியின் மதில். சிவப்புக்காரர்கள் காலையிலேயே வந்து மதில் வரைக்கும் அடைத்துக்கொண்டார்கள். பிறகு வந்த நீலத்துக்காரர்கள் இரண்டு லாரிகளைச் சந்து வாயில் நிறுத்தி இறங்கினார்கள். பிற்பகல் அஸர் தொழுகையும் முடிந்தது. குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, சந்தூக்கில் வைத்து, பச்சைத்துணி மூடி, மல்லிகைச் சரமும் போட்டாகிவிட்டது. மையத்து மட்டும் வாசலில் நின்றது.

"வெயில் சாயுது" என்றார் பள்ளிவாசல் மோதினார் சைரான். "மஃரிபுக்குள்ள மண்ணுக்குள்ள வெச்சாகணும். வழி விடுங்கப்பா."

யார் வழிவிடுவது? ஹெர்மந்தோ கண்ணைக் காட்ட, நால்வர் முன்னால் வந்து நீலக் கொடியை விரித்து சந்தூக்கின் மேல் போட்டார்கள். அது படிந்து முடிவதற்குள் அதன் மேல் சிவப்பு விழுந்தது.

"எடுடா அத."

"நீ எடுடா. தாத்தா எங்க ஆளு."

"ஒங்க ஆளா? பஸ்ல போறவன் கேட்டாக்கூடச் சிரிப்பான்."

இழுத்த இழுப்பில் மல்லிகைச் சரம் அறுந்து கொட்டியது. சந்தூக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. உள்ளே உடம்பு நகர்ந்து பலகையில் இடித்த சத்தம், அத்தனை கூச்சலிலும் வினார்னிக்குக் கேட்டது. ஆஸ்பத்திரிக்கே போகாமல், ஊசி குத்திக்கொள்ளக்கூடப் பயந்த மனுஷன். அவள் அப்போதுதான் அழுதாள்.

"மொதல்ல தூக்குங்க!" மோதினார் குரலை உயர்த்தினார். "சொந்தக்காரங்க அடியில நொழஞ்சு வரட்டும். மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

மையத்து வாசலைத் தாண்டும் முன் சந்தூக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பார்கள். பெற்ற பிள்ளைகள் அதன் அடியில் மூன்று தரம் குனிந்து நுழைந்து வரவேண்டும். கடைசி ஆள் மூன்றாம் தரம் வெளியே வரும்வரை இறக்கவும் கூடாது, நகரவும் கூடாது. மோதினாருக்கு இந்தச் சடங்கில் அவ்வளவு ஒப்புதல் இல்லைதான். ஆனால் அவருடைய அப்பாவையும் இப்படித்தான் எடுத்தார்கள், அதனால் வாயைத் திறப்பதில்லை.

முன் கழியில் நீலம் நான்கு பேர், பின் கழியில் சிவப்பு நான்கு பேர். கோதிர் பின்னால் இடது ஓரம். சந்தூக்கு மேலே போனது. ஆண்பிள்ளை முதலில் என்று பசுகி மூன்று தரம் நுழைந்து வந்தான். வினார்னி ஒரு தரம் நுழைந்தாள். இரண்டாம் தரம் நுழைந்தாள். மூன்றாம் தரம் உள்ளே போனவள் நின்றுவிட்டாள்.

இரண்டு பக்கமும் கொடிகள் தொங்கியதில் அடியில் ஓர் அறைபோல இருட்டியிருந்தது. ஈரத்துணி வாடைகூட இருந்தது, அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியது. தலைக்கு ஒரு சாண் மேலே அப்பா. இதையும் நான் பூட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா என்று நினைத்தாள்.

"வாங்கக்கா" என்றான் கோதிர்.

"வரமாட்டேன்."

"என்னக்கா இது?" பசுகி குனிந்து பார்த்தான். "ஊரே நிக்குது, மானத்த வாங்காத. வெளிய வா."

"ரெண்டு கொடியையும் எடுக்கச் சொல்லு, வரேன்."

"அம்மா, கொஞ்சம் கேளுங்க" என்றார் ஹெர்மந்தோ. "அவர் யாருக்கு உழைச்சாருன்னு ஒங்களுக்கே தெரியும். நீங்களே சொல்லிடுங்க."

"ஆமா, சொல்லுங்கக்கா" என்றான் கோதிர், மூச்சிரைக்க. "எல்லார் முன்னாலயும் சொல்லிருங்க."

தூக்கிய கைகள் நடுங்க ஆரம்பித்திருந்தன. இறக்க முடியாது. நடக்க முடியாது. எட்டுப் பேரும் அவளைப் பார்த்தார்கள். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக, அகப்பட்டுக்கொண்டது அவள் மட்டும் இல்லை.

அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, கொடியின் ஓரத்தை விலக்கிக் கையை வெளியே நீட்டினாள்.

"சூலிஸ் அக்கா, காலையில சாவி கேட்டீங்கல்ல. இந்தாங்க. போய்த் தொறந்து, உள்ள இருக்கறதக் கொண்டாங்க."

சூலிஸ் போனாள். பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது.  திரும்பி வந்தபோது அவளுடைய ஒரு கையில் நீலச் சட்டை, மறு கையில் சிவப்புச் சட்டை.

"உள்ள ரெண்டும் தொங்குதுங்க" என்றாள், யாரிடம் சொல்வது என்று தெரியாமல். "ஒண்ணு விட்டு ஒண்ணு."

"ஏழு வருஷமா ரெண்டு பேருக்கும் அவர்தான் துவைச்சாரு" என்றாள் வினார்னி. "ஒரே தொட்டி, ஒரே சோப்பு. ரெண்டு பேர்கிட்டயும் பொய் சொன்னாரு. நானும் சொன்னேன். இப்பேர்ப்பட்ட ஆளு வேணாங்கறவங்க கைய எடுத்துக்கலாம். வேணுங்கறவங்க கொடிய எடுங்க."

 பின்னால் யாரோ ஒருவன் "துரோகி" என்றான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பின் கழியில் ஒருவன் கையை எடுத்துவிட்டுக் கூட்டத்தை இடித்துக்கொண்டு போனான். சந்தூக்கு தாழ்ந்தது. அதே சந்தின் கறிக்கடைக்காரர் ஓடிவந்து தோளைக் கொடுத்தார். ஹெர்மந்தோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு திரும்பி நடந்தார். அவரைப் பார்த்து நீலத்தில் இரண்டு பேர் விலகினார்கள். சந்து வாயில் லாரிகள் கிளம்பின. சிவப்பிலும் பாதி கரைந்தது.

கோதிர் கழியை விடவில்லை. கண்ணீர் வழிந்து மீசையில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

"எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்லக்கா அவரு."

"சொல்லியிருந்தா என்னடா பண்ணிருப்ப?"

அவன் ஒரு கையால் கழியைத் தாங்கி, மறு கையால் சிவப்புக் கொடியைப் பிடித்து இழுத்தான். அது அவன் தலையிலேயே விழுந்து சரிந்தது.

நீலம் அப்படியே கிடந்தது. எடுக்க யாரும் துணியவில்லை. பசுகி சந்து வாயைப் பார்த்தான். ஹெர்மந்தோவின் முதுகு இன்னும் தெரிந்தது. மூன்று வருஷமாக அவன் காத்திருந்தது அந்த முதுகின் பின்னால்தான். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு முன் கழிக்குத் தோள் கொடுத்தான். பிறகு எட்டி நீலக் கொடியை உருவி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். அக்காவை அவன் பார்க்கவில்லை.

வினார்னி குனிந்து வெளியே வந்தாள். மூன்றாம் தரம் முடிந்தது. பச்சைத்துணியோடு சந்தூக்கு நகர்ந்தது. வந்த கூட்டத்தில் கால்வாசிகூட இல்லை. சந்து, வாய்வரைக்கும் காலியாகி, பெரிய சாலையும் அதற்கு அப்பால் உப்பளமும் தெரிந்தன.

அந்த ஊரில் பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை. வினார்னி பின்கட்டுக்குப் போனாள். சாக்ஸ் இன்னும் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தது. இரண்டு டீமுக்கும் வெள்ளைதான். எது யாருடையது என்று அப்பாவுக்கு எப்படியோ தெரியும், இவளுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் அலசிப் பிழிந்தாள். அறைக்குள் இருந்த சட்டைகளைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்துவிட்டது என்று இரண்டு பேரிடமும் சொன்னதும் பொய்தான். சட்டைகளின் கக்கத்தில் இன்னும் ஈரம்.

"ஏண்டி, இன்னிக்குமா?" என்றாள் சூலிஸ்.

"நாளைக்கு அவங்களுக்கு மேட்ச் இருக்குக்கா."

சாவு வீட்டுப் பந்தல் படுதாவை இறக்கியிருந்தார்கள். அதைக் கட்டியிருந்த கயிறு வேலியோரம் கிடந்தது. அவள் அதை எடுத்து, தன் வீட்டுச் சுவர் ஆணிக்கும் சூலிஸ் வீட்டு ஜன்னல் கம்பிக்கும் இடையே, தன் கைக்கு எட்டிய உயரத்தில், சந்துக்குக் குறுக்கே நாலைந்து முறை இழுத்துக் கட்டினாள். முதலில் சட்டைகளைப் போட்டாள், கையில் வந்த வரிசையில். மிஞ்சிய இடத்தில் சாக்ஸ். மதிலுக்கு மேலாக வந்த கடைசி வெயில் அவற்றின் மேல் விழுந்தது. சூலிஸ் கிளிப்புகளை எடுத்து நீட்ட ஆரம்பித்தாள்.

மஃரிபுக்குச் சற்று முன்னால் ஆண்கள் திரும்பினார்கள். முழங்கால்வரை மண். வீட்டுக்கு வர வேறு வழியில்லை. ஈரத்துணி சந்தின் அகலத்துக்குத் தொங்கியது. மோதினார் ஒரு கணம் நின்று, தொப்பியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து நுழைந்தார். கறிக்கடைக்காரர் நுழைந்தார். பசுகி, கக்கத்துக் கொடியோடு, நுழைந்தான். கோதிர் கடைசியாக வந்தான். சட்டைகளை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பார்த்தான். பிறகு தலையைக் குனிந்து அவற்றின் அடியில் நுழைந்தான். ஒரு சாக்ஸிலிருந்து தண்ணீர் அவன் பிடரியில் சொட்டியது. அவன் அதைத் துடைத்துக்கொள்ளவில்லை.